நான் உட்கார்ந்த மதகு

மனசு சரியில்லாமல் போன வருஷம் டாக்டர் எனக்கு மாத்திரையோடு நாலு பழக்கங்களையும் எழுதிக் கொடுத்தார். விடியலில் நடக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், டீயைக் குறைக்க வேண்டும், மனதில் வருவதைத் தாளில் எழுத வேண்டும். நாலையும் விடாமல் பிடித்துக்கொண்டேன். மரக்காணம் உப்பளத்துக்கு நடுவே கால்வாய் வரைக்கும் போகிற மண்கரைதான் என் பாதை. இரண்டு பக்கமும் பாத்திகளில் வானம் படுத்துக் கிடக்கும். கருவேல முள் புதராக அடர்ந்த இடத்தில் ஒரு மதகு. அதன்மேல் உட்கார்ந்து சூரியன் வருவதைப் பார்ப்பேன், எழுதுவேன், அடித்துவிட்டு மறுபடி எழுதுவேன். படபடப்பு போயிற்று. தூக்கம் திரும்பி வந்தது. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குள் ஓர் உபதேசியும் வந்து சேர்ந்தான். தெருவில் நாலு பேரை நடக்க வைத்தேன். அவர்களும் அதே கரைக்கு வந்தார்கள்.

உபதேசத்துக்கு வாகாக வீட்டிலும் ஆள் இருந்தாள். என் மனைவி அந்த உப்பளத்தில்தான் கூலிக்கு உப்பு சுமக்கிறாள். விடியுமுன் நாலரைக்குப் போனால் வேலை முடிய பத்தரை ஆகும். நான் தேறத் தேற அவள் வாடினாள். தலைவலி, எரிச்சல். கழுவின பாத்திரத்தைக் கையில் வைத்தபடி சுவரைப் பார்த்து நின்றுவிடுவாள். கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். உன் பழக்கம் சரியில்லை, அதுதான் உன் மனசைத் தின்கிறது என்றேன். இரண்டு லிட்டர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். தினமும் அது நிரம்பியபடியே திரும்பி வந்தது. உனக்கே உன் மேல் அக்கறை இல்லையென்றால் யார் என்ன செய்ய முடியும் என்று திட்டினேன். அவள் அந்தத் தண்ணீரை முருங்கைக்கு ஊற்றினாள்.

சித்திரையில் ஒருநாள் தலைக்கூடையோடு கரையில் சரிந்து விழுந்தாள். கூட வேலை செய்யும் ஓர் அம்மா ஷேர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருந்தார். நான் போனபோது டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. சிறுநீரில் கிருமி, உடம்பில் தண்ணீரே இல்லை, இப்படியே போனால் கிட்னியைப் பாதிக்கும் என்றார் டாக்டரம்மா. பிறகு அவளிடம், தூக்கம் எப்படி, காரணமில்லாமல் அழுகை வருகிறதா என்று கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

“சொன்னா கேக்க மாட்டா மேடம். தண்ணியே குடிக்கிறதில்ல.”

கட்டிலின் கால்மாட்டில் நின்ற அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

“குடிச்சா எங்கண்ணே போவா?” குரலில் கோபமே இல்லை. “ஆம்பளைங்களுக்கு அந்தாண்ட திரும்பி நின்னா முடிஞ்சுது. எங்களுக்கு இருக்கிறது அந்த ஒரு முள்ளு புதரு. இருட்டுல பாம்புக்கு பயம். வெளுத்த பிறகு போலாம்னா மதகு மேல நீங்க. சூரியன் வந்தா எழுந்து போவீங்கன்னு பாத்தா, வந்த பிறகும் எழுதுறீங்க. நீங்க எழுந்தா உங்க தெரு ஆளுங்க நடந்து வர்றாங்க. செக்போஸ்ட் தெறந்துச்சாடின்னு கேட்டுக்குவோம்.”

பாண்டிச்சேரி எல்லையில் வண்டிகளை மறிக்குமே, அந்தக் கம்பம் நான். சட்டைப்பையில் என் நோட்டு கனத்தது. அதில் அந்தப் பெண்கள் இருந்தார்கள். வெள்ளைக் குவியல்களுக்கு நடுவே விடியலை வணங்கி அசையாது நிற்பவர்கள் என்று எழுதியிருந்தேன். அவர்கள் நின்றது நான் எழுந்து போவதற்காக.

வீடு திரும்பும் வழியில், ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன்.

“உங்களுக்கு அப்பத்தான் தூக்கம் வந்துச்சு. அத ஏன் கெடுக்கணும்னு இருந்துட்டேன்.”

மறுநாளே நாலு பேரையும் பார்த்து, இனி அந்தக் கரைக்குப் போக வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். தினமும் மதகில் சொற்களோடு புரண்டவனுக்கு அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. பாம்பு நடமாட்டம் இருக்குது என்றேன். உடனே நம்பிவிட்டார்கள். கௌரவமாக முடித்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்தேன்.

பத்து நாள் கழித்து அவள் வேலைக்குப் போனாள். உதடு வெடித்து, நிரம்பிய பாட்டிலோடு திரும்பினாள். இப்போதுதான் அங்கே யாரும் இல்லையே என்றேன்.

“பாம்பாமே. வாக்கிங் போறவங்க பாத்தாங்களாம். ஒருத்தியும் அந்தப் பக்கம் போவல.”

அது நான் சொன்ன பொய் என்று சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“என்கிட்ட சொல்லி என்ன ஆவுது? அங்க வந்து சொல்லுங்க.”

அடுத்த நாள் பத்தரைக்கு, கரை ரோட்டில் ஏறும் இடத்தில் நின்றேன். ஏழெட்டுப் பெண்கள் சும்மாட்டை உதறியபடி வந்தார்கள். என் மனைவி கடைசியில் நின்று தரையைப் பார்த்தாள். பாம்பு இல்லை, நான் கட்டிவிட்ட கதை, மூத்திரம் என்ற வார்த்தையைச் சொல்லக் கூச்சப்பட்டுக் கட்டிவிட்டது என்றேன். மதகில் உட்கார்ந்ததற்கும் மன்னிப்புக் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. பரவாயில்லை என்றும் யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த அந்த அம்மாதான் பேசினார்.

“சரிண்ணே. நீங்க கெளம்புங்க. நாங்க போவணும்.”

ரோட்டில் ஏறி நடந்தேன். பின்னால் செருப்புச் சத்தங்கள் கரைக்குள் திரும்பிப் போயின. அவளுடையதும் அதில் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.