சந்தனப் பொட்டும் கண்ணாடிக் குழாயும்

அச்சுவேலிச் சந்தையில் யாராவது "விஞ்ஞானி" என்று கூப்பிட்டால் தியாகராசா திரும்பிப் பார்க்கமாட்டார். கேலி அவருக்குச் சுடும். சாவகச்சேரிக்குப் பக்கத்தில் வெளிநாட்டுத் தமிழர் காசில் எழும்பிய ஒரு விஞ்ஞான நிறுவகத்தில் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்து, இருபது வருடம் கழித்து ஆய்வுகூட உதவியாளராகவே ஓய்வு பெற்றவர் அவர்.

அங்கே கலாநிதி சிவரூபன் ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருந்தார். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் ஐதரசன் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், வாயு பிளாஸ்மாவாகி ரோசா நிறத்தில் ஒளிரும். சூரியனின் நடுவில் ஒன்றரைக் கோடி பாகைச் சூட்டில் இருப்பதும் பிளாஸ்மாதான், பூமியில் அணுக்களை இணைக்க அதைப்போலப் பத்து மடங்கு சூடு வேண்டும், எங்களுடையது அதற்குத் தூரத்துச் சொந்தம் என்பார் சிவரூபன். எந்தப் பிளாஸ்மாவுக்கும் வெளிக்காற்று ஆகாது. குழாயோ எங்கேயோ கசிந்தது. எட்டு மாதம் தேடினார்கள். சைக்கிள் ரியூப் என்றால் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்க்கலாம். இங்கே காற்று உள்ளேயல்லவா போகிறது!

வாணிவிழாவுக்கு எல்லாக் கருவிக்கும் வைத்ததுபோலக் குழாயின் பொருத்துகளுக்கும் தியாகராசா சந்தனம் வைத்தார். மறுநாள் சிவரூபன் கண்டபடி ஏசினார். தியாகராசா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தார், குழாய் எரிந்துகொண்டிருந்தது. மூன்றாவது பொருத்தில் பஞ்சு பட்டதும் ரோசா வெளிறி நீலமானது. எடுத்தார், பழைய நிறம் வந்தது. வைத்தார், மறுபடி நீலம். ஸ்பிரிட் ஆவியை ஓட்டை உள்ளே இழுக்கிறது என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"சேர், ஓட்டை இதிலைதான்."

அடைத்ததும் அவர்தான். படகில் ஓட்டை அடைப்பவர்களிடம் கேட்டு, குங்கிலியமும் தேன்மெழுகும் தானே கண்ட அளவில் கலந்து காய்ச்சிப் பூசினார். அன்று குழாய் ஆறு மணித்தியாலம் அணையாமல் எரிந்தது. சிவரூபன் அவரைக் கட்டிப்பிடித்தார்.

"உங்கடை பேர் இல்லாமல் கட்டுரை போகாது அண்ணை."

அந்தப் பெயர்தான் தியாகராசாவுக்கு வேண்டியிருந்தது. படிப்புச் சான்றிதழ் இல்லாதவர் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேண்டுமென்றால் ஆராய்ச்சியில் பங்கு இருந்ததற்கு எழுத்தில் ஆதாரம் கேட்பார்கள். கட்டுரை வந்தது. நான்கு பெயர்கள். அதில் ஒன்று, அந்த அறை எந்தப் பக்கம் என்றே தெரியாத பணிப்பாளருடையது. நேர்முகத்தில் தாளைப் புரட்டியவர்கள் உங்கள் பெயர் எங்கே என்று கேட்டார்கள். தியாகராசா தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார். அந்த அவமானம் இன்னும் அவருக்கு ஆறவில்லை.

எங்கள் ஊரில் சொல்லிக்கொள்ள ஓர் ஆறு இல்லை. ஆனாலும் ஆறு கடக்குமட்டும் அண்ணன் தம்பி என்ற கதை இங்கே நன்றாகவே நடக்கும். கட்டுரையின் புண்ணியத்தில் சிவரூபன் வெளிநாடு போய்ச் சேர்ந்தார்.

போன மாசி மாதம் அவர் தொலைபேசியில் வந்தார். வேறொரு ஆய்வுகூடம் அதேபோல் குழாய் செய்து பார்த்ததாம். பூச்சு நிற்கவில்லையாம். கட்டுரையில் உள்ளது பொய்யோ என்று எழுதிக் கேட்கிறார்களாம். குங்கிலியம் எத்தனை பங்கு, மெழுகு எத்தனை பங்கு என்று அண்ணை சொன்னால் பெரிய உதவி என்றார்.

தியாகராசாவுக்கு அளவு நன்றாக ஞாபகம் இருந்தது.

"கட்டுரையின்ரை கடைசியிலை ஆருக்கு நன்றி எண்டு போட்டனீங்கள்?" என்று கேட்டார்.

"ஆய்வுகூட ஊழியர்களுக்கு, அண்ணை."

இத்தனை வருடம் சேர், சேர் என்று கூப்பிட்ட வாய்,

"அப்ப அவையைக் கேளுங்கோ தம்பி" என்றது.