சுவருக்குத் தக்கை அடித்த கோடை

இத்தாலி உலகக் கிண்ணம் வென்ற கோடையில் நாங்கள் அந்த நாட்டில், சீசா என்ற நகர்ப்பகுதியில், சின்யோரா என்று நாங்கள் கூப்பிடும் வீட்டுக்கார அம்மாவின் ஓட்டுக் கூரைக்குக் கீழே ஒற்றை அறையில் குடியிருந்தோம். கூரையிலிருந்து ஒரு யன்னல் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. அதன் இரண்டு பக்கச் சுவர்களும் வெறும் மெல்லிய பலகை. அவற்றுக்கு நடுவில்தான் எங்கள் கட்டில். காலையில் ஒரு வீடு துடைத்து, மாலையில் இன்னொரு வீடு துடைக்கப் போகும் எனக்கு இடையில் கிடைப்பது மத்தியான நித்திரை ஒன்றுதான். அதையும் அந்தச் சுவர்கள் தோசைக்கல்லாய்ச் சூடேறிக் கெடுத்தன.

சின்யோரா வீடு திருத்தத் தொடங்கியதும் என் கணவர் அந்தச் சந்தர்ப்பத்தை விடவில்லை. வேலையாட்கள் மிச்சம் வைத்த, சூடு புகாத தக்கைப் பலகைகளை அளவாக வெட்டிச் சுவரில் அடைத்து, மேலே புதுப் பலகை அடித்து, வெள்ளையும் பூசினார். சின்யோராவுக்கு நம்பிக்கையே இல்லை. வேலை முடிந்த மத்தியானம் சோதித்துப் பார்க்க ஏறி வந்தார். கட்டிலில் உட்கார்ந்து சுவரில் கன்னத்தை வைத்தார். அப்படியே குறட்டை விட்டார்.

"எழுப்புங்கோ," என்றேன் கணவரிடம்.

"உமக்கென்ன விசரே? நித்திரை கொள்ளுற மனுசியை ஆரும் எழுப்புவினமே? மெல்லக் கதையும்."

மறுநாள் சின்யோரா தலையணையோடு வந்தார். அதன் பிறகு தினமும் வந்தார். பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து தன் தங்கையைக் கூட்டிவந்து சுவரைத் தொட்டுப் பார்க்க வைத்தார். என் கணவர் தக்கையின் பெருமையை விளக்க, நான் தேநீர் ஊற்றினேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாலை வீட்டில் துடைப்பத்தைப் பிடித்தபடியே தூங்கி விழுந்தேன். இன்னொரு தடவை விழுந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று அந்த வீட்டுக்காரி சொல்லிவிட்டார்.

அடுத்த மத்தியானம் சின்யோராவின் தோளைப் பிடித்து உலுக்கினேன். எனக்கும் நித்திரை வேண்டும் என்று, எனக்குத் தெரிந்த இத்தாலியன் மொழியில் கத்தினேன். அவர் கண்ணே திறக்கவில்லை. ஒரு பக்கச் சுவரோரமாக நகர்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினார். என் கட்டிலில் எனக்கு இடம் தந்தார்! மற்றச் சுவரோடு ஒட்டிப் படுத்தேன். குளிர்ந்துதான் இருந்தது.

நித்திரை கொண்டு எழும்பி, வேலைக்குப் புறப்பட்டுக் கதவைத் திறந்தால், கணவர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் வியர்த்து வழிய இருந்தார்.

"என்னப்பா, கதவைத் தட்டியிருக்கலாமே?"

"நீங்கள் ரெண்டு பேரும் நித்திரையெல்லே."

எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை. அன்று மாலை துடைப்பத்தோடு நான் தூங்கி விழாமல் நின்றேன்.