தெலுங்குத் தாளை வெறுமையாகக் கொடுத்தேன்

என் அம்மாவின் தம்பி, ஆந்திராவில் இருந்த எங்கள் நகரி சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசியவர். பத்து வயதில் எனக்கு மாமா சொன்னதே வேதம். "நம்ம ஊர்ல தமிழுதான், தெலுங்கு எதுக்கு?" என்று அவர் மேடையில் முழங்கியதை நம்பி, வருடப் பரீட்சையில் தெலுங்குத் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டேன்.

பாராட்டுவார் என்று ஓடிப்போய்ச் சொன்னேன். மாமாவின் முகம் வெளுத்தது.

"அட பைத்தியமே! எழுதாதன்னு உனக்கு யாரு சொன்னது?"

"நீதான மாமா மேடையில சொன்ன!"

என்னைத் தெலுங்கு வாத்தியார் வீட்டுக்கு இழுத்துப் போனார். அங்கே கைகட்டி நின்று, அழகான தெலுங்கில் கெஞ்சினார்.

வாத்தியார் சிரித்துவிட்டுத் தமிழில் சொன்னார்: "நீங்க பேசினத நீங்களே நம்பல. இந்தப் பொண்ணு நம்பியிருக்குது. நாளைக்கு வந்து எழுதட்டும்."

வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். "அவர்கிட்ட ஏன் மாமா கை கட்டிக்கினு நின்ன?"

"உனக்கு ஒரு வருஷம் வீணாப்போறத நான் பார்த்துக்கினு இருக்கணுமா?" என்று எரிந்து விழுந்தார்.

பரீட்சை எழுதித் தேறினேன். ஆனாலும் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

பிறகு எல்லை பிரித்தார்கள். திருத்தணி சென்னைப் பக்கம் போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. மாமா ஒரு வாரம் வெளியே வரவில்லை. அவரைக் கோழை என்று நினைத்ததற்கு அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்று அவர்மேல் இருந்த ஆத்திரம் இப்போது என்மேல்தான்.