அஷ்டமிப் பொடி

‘ஆவணி, வெள்ளிக்கிழமை, வளர்பிறை அஷ்டமி. குழம்புப் பொடி முதல் பெரிய அரைப்பு. நிறம் நன்று. மணம் நன்று. மில்லில் கூட்டம்.’

தினசரி காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் என் கையெழுத்தில் இருக்கும் குறிப்பு இது. போன வாரம் ஒரு பழைய தகர டின்னைப் பழைய இரும்புக் கடைக்குப் போடலாம் என்று கவிழ்த்தேன். அடியில் விரித்திருந்த தாள் வந்து விழுந்தது. முன்பக்கத்தில் ஆண்டும் இருக்கிறது. ஆனால் அதை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் என் வயதைக் கணக்குப் போட்டுவிடுவீர்கள்.

தாளை முகர்ந்து பார்த்தேன். வறுத்த தனியாவும் வரமிளகாயும் கலந்த மணம் இன்னும் லேசாக இருந்தது. இருந்ததா, இருக்க வேண்டும் என்று என் மூக்கு ஆசைப்பட்டதா என்று உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் தும்மல் வந்தது. அதை ஓர் ஆதாரமாக எடுத்துக்கொள்கிறேன்.

தனியா வாசனை என்றால் எனக்கு உடனே டீசல் வாசனை நினைவுக்கு வரும். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பவர்கள் திருச்செங்கோட்டில் வேலை பார்க்காதவர்கள். நான் அங்கே ஒரு ரிக் ஆபீசில் எழுத்து வேலையில் இருந்தேன். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகளைத்தான் ரிக் என்போம். மழைக்காலத்தில் ஊருக்கு வந்து நிற்கும். பெயின்ட் அடித்து, பொட்டு வைத்துக்கொண்டு மறுபடி கிளம்பும். மகாராஷ்டிரா, சத்தீஸ்கர் என்று எங்கெங்கோ போய் மாதக்கணக்கில் பூமியைக் குடைந்துகொண்டிருக்கும். அங்கிருந்து தினமும் போன் வரும். எத்தனை அடி போனது, தண்ணீர் எத்தனை இன்ச் வந்தது என்று அவர்கள் சொல்ல, நான் எழுதிக்கொள்வேன்.

அப்படி எழுதிக்கொண்டே இருந்ததில் ஒன்றைக் கவனித்தேன். அடி, இன்ச் எல்லாம் சொல்லி முடித்த பிறகு, போனை வைக்கும் முன் எல்லோரும் தவறாமல் ஒன்றைச் சொன்னார்கள்.

“சோறுதானுங்க தம்பி சரியில்ல. இங்க குழம்புங்கறாங்க, வாயில வெச்சா எண்ணெயும் வெங்காயமுந்தானுங்க. பசங்க ஊருக்குப் போகோணும்னு நிக்கறானுங்க.”

வண்டிகள் பாதியில் திரும்புவதற்குத் துளைக்கும் பிட் தேய்ந்ததையும் கம்ப்ரஸர் மக்கர் செய்ததையும் காரணமாகச் சொன்னார்கள். குழம்பு என்ற காரணத்தை யாரும் எங்கேயும் பதிவு செய்யவில்லை. நான் செய்தேன். தேதி போட்டுச் செய்தேன். அது எனக்கு ஒரு வியாதி. நாய் குட்டி போட்டாலும் கிழமை, திதி, நட்சத்திரம் குறித்துக்கொள்வேன். வரலாற்றுப் புத்தகங்கள் நிறையப் படித்ததன் விளைவு என்று என் மனைவி மல்லிகா சொல்வாள். அவள் வைக்கும் குழம்பையும் நான் அப்போதுதான் புதிய கண்ணோடு பார்த்தேன். அவள் பொடி போட்டால் வேறொன்றும் வேண்டாம். புளியைக் கரைத்து ஊற்றி, இரண்டு கொதி வந்தால் போதும். ரிக் வண்டி சமையல்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

வேலையை விடுகிறேன் என்று ஓனரிடம் சொன்ன நாள் ஆடி முப்பது. ஆடியில் யாரும் எதையும் தொடங்கமாட்டார்கள் என்பதால், விடுவதை ஆடிக்குள் முடித்துக்கொண்டு தொடங்குவதை ஆவணிக்கு வைத்துக்கொண்டேன். அந்த அளவுக்குச் சாஸ்திரம் தெரிந்தவன்தான் பின்னால் கோட்டைவிட்டேன்.

ஓனர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிவிட்டுக் கேட்டார்.

“பொடி யாவாரமா? தம்பி, நீங்க ஊட்டுல ஒரு நாளாச்சும் மொளகா வறுத்திருக்கீங்களா?”

“இல்லீங்க. மல்லிகா வறுப்பா. நான் மேற்பார்வைங்க.”

“அதான பாத்தேன். சரி, போங்க. ஆயுத பூசை வரைக்கும் உங்க சேர் காலியாத்தான் கெடக்கும். அதுக்கு அடுத்த நாளு புது ஆளப் போட்டுப்போடுவேன். அப்பறம் வந்து நின்னீங்கன்னா நானும் ஒண்ணும் பண்ண முடியாது.”

அந்த நாற்காலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பச்சை வயர் பின்னிய இரும்பு நாற்காலி. நடுவில் என் உருவத்துக்கு ஏற்ற ஒரு குழி. அடுத்த ஒன்றரை மாதமும் நான் எங்கே உட்கார்ந்தாலும் அந்தக் குழிதான் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. வாடகை வீடு. பள்ளிக்கூடம் போகும் மகள். கையிருப்பு எல்லாம் மிளகாயாகவும் தனியாவாகவும் மூட்டை கட்டி முன்னறையில் நின்றது. ஆயுத பூஜைக்குள் பொடி போணியாகவில்லை என்றால் அந்தக் குழியில்தான் போய் விழ வேண்டும்.

சொந்தத் தொழில் என்றதும் நான் முதலில் செய்த காரியம் சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டியது. விழிப்பு, திட்டமிடல், உற்பத்தி, ஆய்வு, ஓய்வு, மீண்டும் ஆய்வு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வண்ணம். மல்லிகா கரண்டியும் கையுமாக வந்து நின்று அதை முழுதும் படித்தாள்.

“ஏனுங்க, இதுல ரெண்டு ஆய்வும் உங்குளுது. உற்பத்தி மட்டும் என்னுதா?”

நான் ஏதோ நிர்வாகம் என்று ஆரம்பித்தேன்.

“ஆபீஸ உட்டுப்போட்டு வந்துட்டீங்கன்னு பாத்தா, ஆபீஸையே ஊட்டுக்குக் கொண்டாந்துட்டீங்க. எந்திரிங்க. அந்தத் தனியாவுல கல்லுப் பொறுக்குங்க.”

கல் பொறுக்கினேன். ஒன்று சொல்கிறேன், ஆபீசில் நாள் முழுக்க எழுதியும் எனக்கு வராத நிறைவு ஒரு முறம் தனியாவைச் சுத்தம் செய்து கீழே வைத்தபோது வந்தது. மிளகாய்க் காம்பு கிள்ளக் கற்றுக்கொண்டேன். கிள்ளிய கையால் கண்ணைத் தொடக்கூடாது என்பதையும் அன்றே கற்றுக்கொண்டேன். அட்டவணை புகை படிந்து, ஒரு மூலை கழன்று தொங்கியது. யாரும் மறுபடி ஒட்டவில்லை. எங்களுடைய உண்மையான கால அட்டவணை அரவை மில்காரர் கையில் இருந்தது. மிளகாய் மெஷினை அவர் வெள்ளிக்கிழமை மட்டும்தான் ஓட்டுவார். மற்ற நாளில் ஓட்டினால் மாவு அரைக்க வருகிறவர்கள் தும்மிக்கொண்டே சண்டைக்கு வருவார்களாம். ஆகவே எங்கள் வாரம் வெள்ளிக்கிழமையை நோக்கி நடந்தது. காய வைப்பது, பொறுக்குவது, வறுப்பது, ஆற வைப்பது, வெள்ளியன்று அரைப்பது. நான் போட்ட வண்ணக் கட்டங்களைவிட இது நன்றாக வேலை செய்தது.

விநாயகர் சதுர்த்தி முடிந்த அந்த வெள்ளிக்கிழமைதான் முதல் பெரிய அரைப்பு. நல்லசிவம் அண்ணன் கேட்டிருந்தார். ஓனரின் மூத்த ரிக்குக்கு அவர்தான் மேனேஜர். மற்ற வண்டிகளுக்கு முன்னால் போய் இடம் பிடிக்க வேண்டும் என்று அடுத்த புதன்கிழமையே கிளம்புகிறார். ஒரு சீசனுக்கு வேண்டிய பொடி மொத்தமும் எங்களிடம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அவர் எடுத்தால் மற்ற மேனேஜர்களும் எடுப்பார்கள். அவர் வேண்டாம் என்றால், வயர் நாற்காலி.

திங்கட்கிழமை வந்தார். பாக்கெட்டுகளை அடுக்கி வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் லேபிள். லேபிளில்தான் என் கைவரிசை. மற்ற வியாபாரிகள் தேதி மட்டும் போடுவார்கள். நான் தமிழ் மாதம், கிழமை, திதி எல்லாம் சேர்த்து ரப்பர் ஸ்டாம்ப் செய்து குத்தியிருந்தேன். எழுதி வைக்கிறவனுக்கு அஷ்டமியும் ஒன்றுதான், தசமியும் ஒன்றுதான். அது எனக்கு ஒரு விவரம். அவ்வளவே.

நல்லசிவம் அண்ணன் பாக்கெட்டை முகர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளைப் படித்தார். முகம் கூம்பியது.

“தம்பி, இதென்ன அஷ்டமின்னு போட்டிருக்குது?”

“அரைச்ச திதிங்கண்ணா.”

“அஷ்டமில அரைச்சதை வண்டில ஏத்தீட்டு நான் தண்ணிக்குக் குழி போடப் போகோணுமா? என்னைய என்னன்னு நெனச்சீங்க?”

ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அறுநூறு அடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தண்ணீரும் வரலாம், வெறும் புழுதியும் வரலாம். அதனால் ரிக்குக்காரர்களைப் போல நாள் பார்க்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் கிடையாது. வண்டிச் சக்கரத்துக்கு வைக்கிற எலுமிச்சம்பழத்தில் கூடப் புள்ளி இருக்கக்கூடாது. நான் என் படிப்பையெல்லாம் திரட்டி வாதாடினேன்.

“கண்ணனே அஷ்டமியிலதானுங்கண்ணா பொறந்தாரு.”

“பொறந்து அந்த மனுசன் பட்ட பாடு தெரியுமில்ல? பொறந்ததே செயில்ல. வேண்டாஞ் சாமி. பொடி நல்லாத்தான் இருக்குது. உங்க ஸ்டாம்ப்புத்தான் கெடுத்துப்போடுச்சு. போடாம இருந்திருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்.”

எழுந்துவிட்டார். செருப்பைக்கூட மாட்டிவிட்டார். எனக்கு நாற்காலியின் குழி கண்ணில் தெரிந்தது. அப்போது உள்ளேயிருந்து மல்லிகா முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள்.

“ஏனுங்கண்ணா, வேல தொடங்கறது எப்பங்க? அடுப்புப் பத்த வெக்கறப்பவா, மில்லுக்குப் போறப்பவா?”

“அடுப்புத்தான் அம்மிணி.”

“அடுப்பு வியாழக்கெழமையே பத்த வெச்சாச்சுங்க. சப்தமி. வறுத்ததை ஆற வெச்சாத்தான மில்லுல கட்டி புடிக்காது? அன்னைக்கே வறுத்ததுல முதல் கைய அம்மில நுணுக்கிப் பக்கத்து ஊட்டு மும்தாஜ் அக்காவுக்குக் குடுத்தாச்சு. பரஸ்தானம் போயிருச்சுங்களே அண்ணா. அப்பறம் அஷ்டமி என்ன பண்ணும்?”

பரஸ்தானம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கெட்ட நாளில் பயணம் போக நேர்ந்தால், முந்தின நல்ல நாளிலேயே ஒரு பையைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பை கிளம்பிவிட்டதால் பயணமும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. ஆளுக்கு வைப்பது தெரியும். பொடிக்கு வைத்ததை அன்றுதான் கேள்விப்பட்டேன். நல்லசிவம் அண்ணன் ஒரு செருப்பைக் கழற்றினார். அதோடு நிற்கவில்லை. காம்பவுண்டுச் சுவருக்கு மேல் எட்டிக் கூப்பிட்டார்.

“ஏனுங்க, வியாழக்கெழம இவிங்க ஊட்டுல இருந்து பொடி குடுத்தாங்களா?”

பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் சைக்கிள் பாகங்கள் விற்கும் கடை வைத்திருந்தார். அக்கா மல்லிகாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எங்களை.

“குடுத்தாங்களே. அன்னைக்கே கறிக்குப் போட்டேன். காரந்தான் ஒரு கை தூக்கல். பசங்க தண்ணி தண்ணின்னு கத்துனாங்க.”

“தண்ணின்னு கத்துனாங்களா?” நல்லசிவம் அண்ணனின் கண்கள் விரிந்தன. இன்னொரு செருப்பும் கழன்றது. “அப்ப மூட்டைய ஏத்துங்க தம்பி.”

ஆயுத பூஜையன்று ஆபீசுக்குப் போனேன். வண்டிச் சாவிகள், ஸ்பானர்கள், கணக்கு நோட்டுகள் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. என் நாற்காலிக்கும் பொட்டு வைத்து, அதில் பொரி மூட்டையை உட்கார வைத்திருந்தார்கள்.

“பாருங்க, உங்களையாட்டவே அசையாம உக்காந்திருக்குது” என்றார் ஓனர். “நாளைக்குப் புதுப் பையன் வாரான். நீங்க வர்றதா இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க. என்ன, வாரீங்களா?”

உண்மையைச் சொன்னால், நாக்கு நுனியில் ‘வாரேன்’தான் இருந்தது. நல்லசிவம் அண்ணனுக்குப் பிறகு வேறு யாரும் வாங்கவில்லை. போன் அடித்தது. பழக்கதோஷத்தில் நானே எடுத்தேன். நல்லசிவம் அண்ணன்.

“தம்பி, நீங்களா? நல்லதாப் போச்சு. மொதல் குழிலயே மூணு இன்ச்சு! பீச்சியடிக்குது! ரெண்டாவதும் அப்படித்தான். ஓனர்கிட்ட அப்பறம் பேசறேன். அந்தப் பொடி இன்னும் ரெண்டு மூட்டை வேணும். இங்க பக்கத்து ரிக்குக்காரனுங்க வேற கேட்டு நச்சரிக்கறானுங்க. ஆனா ஒண்ணு.”

“சொல்லுங்கண்ணா.”

“அஷ்டமியிலதான் அரைக்கோணும். ஸ்டாம்ப்பு இருக்கோணும். இல்லீன்னா எடுக்க மாட்டேன், சொல்லிப்போட்டேன்.”

நான் ஓனரைப் பார்த்து, வரவில்லை என்று தலையை ஆட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே மூட்டையிலிருந்து ஒரு கை பொரி அள்ளித் தந்தார்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அஷ்டமி எந்தக் கிழமையில் வந்தாலும் மில்காரர் எங்களுக்காக மிளகாய் மெஷினை ஓட்டினார். திட்டிக்கொண்டேதான் ஓட்டினார். ரிக் வட்டாரத்தில் எங்கள் பொடிக்கு நாங்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. அஷ்டமிப் பொடி என்றால்தான் தெரியும். ராசிபுரத்துக்காரர் ஒருவர் போட்டிக்கு நவமிப் பொடி என்று கொண்டுவந்தார். எடுபடவில்லை.

இப்போது எங்களுக்கென்று சிறிய ஷெட் இருக்கிறது. சொந்த மெஷின் இருக்கிறது. அட்டவணை கிடையாது. தேதியை இயந்திரம் குத்துகிறது. அதற்குத் திதி தெரியாது. வாங்குகிறவர்களும் எப்போது அரைத்தது என்று பார்ப்பதில்லை, எப்போது கெட்டுப்போகும் என்று பார்க்கிறார்கள். வடக்கே ரிக் நிற்கும் ஊர்களில் நம் ஊர்க்காரர்களே மெஸ் வைத்துவிட்டார்கள். ஆபீஸ் இருந்த இடத்தில் செல்போன் கடை. அடியும் இன்ச்சும் போட்டோவாக வந்துவிடுவதால், போனை வைக்கும் முன் சோற்றைப் பற்றிப் பேச யாருக்கும் சந்தர்ப்பம் இல்லை. நல்லசிவம் அண்ணன் வண்டியை விட்டிறங்கி மகளோடு நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் போட்டு, பொடியாக்கி விற்கிறார். அரைக்கிற நாளுக்கு இன்றும் எங்களைத்தான் யோசனை கேட்கிறார். நாற்காலி என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி. தாளில் அரைத்த நாள் இருக்கிறது. வியாழன் என்று மல்லிகா சொன்னாளே, அந்த வறுத்த நாள் இல்லை. வெள்ளிக்கிழமை காலை சவரம் செய்துகொண்டிருந்தபோது தனியா வறுபடும் வாசனை வந்ததாக எனக்கு ஒரு நினைவு. ஆனால் வெள்ளிக்கிழமையில் நான் சவரம் செய்யமாட்டேன். ஆகவே அது வியாழனாகவும் இருக்கலாம். அப்படியென்றால் ராசி சப்தமியுடையது. நாங்கள் இத்தனை வருடம் தப்பான திதிக்கு மரியாதை செய்திருக்கிறோம். மல்லிகாவிடம் கேட்டால், “உங்களுக்கு வேற வேல இல்லீங்களா?” என்று சிரிக்கிறாள். மும்தாஜ் அக்கா குடும்பம் கடையை விற்றுவிட்டுச் சேலத்துக்குப் போய், அங்கிருந்தும் மகன் வேலை பார்க்கும் ஊருக்குப் போய்விட்டது. என்னிடமிருந்த எண் இப்போது வேறு யாருக்கோ அடிக்கிறது. அந்த வியாழக்கிழமை அவருடைய கறியில் எங்கள் பொடி விழுந்ததா என்பது இந்தக் குறிப்பை எழுதும் நாள் வரை உறுதி செய்யப்படவில்லை.