தொடக்கூடாத இன்ஜின்

பிள்ளைகளே, நான் தொப்பூர் வழியாக லாரி ஓட்டிய காலத்தில் மொரப்பூரில் ஒரு நீராவி இன்ஜின் டிரைவரைத் தெரியும். கரி படிந்த முகம், நரைத்த மீசை, சட்டைப்பையில் எப்போதும் எண்ணெய் துடைக்க ஒரு பிடி கழிவுப் பஞ்சு. எனக்கு முதலாளி அன்றன்றைக்குக் கையில் கிடைத்த லாரியைத் தருவார். அவருக்கோ, அந்நாளைய ரயில்வே வழக்கப்படி, தனக்கென்று ஒரே இன்ஜின். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அது தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் இறங்கி, பித்தளைக் குழாய்களைத் துடைப்பார். வேறு யாராவது கை வைத்தால் முறைப்பார்.

“வூட்டுக்காரம்மாவ இப்படிக் கவனிப்பீங்களா?” என்று ஒருமுறை சீண்டினேன்.

“அவங்களும் இதத்தாங்க கேக்கறாங்க” என்றார், துடைத்தபடியே.

பழைய இன்ஜின்களை உடைக்க அனுப்பத் தொடங்கியபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளையாக, அவருடையதை மட்டும் வண்ணம் பூசி, ஸ்டேஷன் வாசலில் மேடை கட்டிக் காட்சிக்கு நிறுத்தினார்கள். இருவரும் பார்க்கப் போனோம். அவர் பஞ்சோடு நெருங்கியதும் காவலாளி ஓடிவந்தான்.

“பெரியவரே, தொடக் கூடாதுங்க. தள்ளி நில்லுங்க.”

“நான்தான்யா இத ஓட்டினவன்!”

“யாரா இருந்தாலும் அப்படித்தாங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவரோ சட்டென்று சிரித்தார்.

“என்னையே விடமாட்டேங்கறான், பாத்தீங்களா? இனிமே எனக்குக் கவலையில்லீங்க.”

திரும்பும் வழியெல்லாம் அந்தக் காவலாளியைப் புகழ்ந்துகொண்டே வந்தார். நான் ஓட்டிய லாரிகள் இப்போது எங்கே, யார் கையில் இருக்கின்றனவோ தெரியாது. விசாரிக்க எனக்குத் தோன்றியதுமில்லை.