வராத டீசல் வண்டி

பக்கத்து வீட்டு லோடு வண்டிக்காரரிடம் நான் பொய் சொன்னேன். சின்ன டீசல் வண்டி மறுபடியும் விற்பனைக்கு வரும், பொறுத்திருங்கள் என்றேன். வராது என்பது எனக்குத் தெரியும்.

ஊரப்பாக்கத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மதில்தான். தாம்பரத்தில் கல்யாண பிரியாணி செய்யும் ஒரு பாய்க்கு அவர் வண்டி ஓட்டினார். தம் போட்ட தேக்சா அண்டாக்களை, மூடியைச் சுற்றி ஒட்டிய மாவு விரிசல் விடாமல் மண்டபத்தில் இறக்க வேண்டும். விருந்து வைக்கிறவர் கண்ணெதிரேதான் மூடியைத் திறப்பது என்பது பாயின் வழக்கம். அதற்கு டீசல்தான் சரி என்பார் இவர். பாலம் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்கத் தேவையில்லை, அலுங்காமல் இழுக்கும். ஆனால் வண்டி பழசாகிவிட்டது.

நான் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு வண்டித் தொழிற்சாலையில் இன்ஜின் சோதனைப் பிரிவில் இருந்தேன். புகை விதிகள் கடுமையானபோது எங்கள் சின்ன டீசல் இன்ஜினை அதற்கேற்ப மாற்றும் வேலை என்னிடம் வந்தது. இன்ஜின் தேறியது, விலை தேறவில்லை. இன்ஜின் சின்னது என்பதற்காகப் புகையைச் சுத்தம் செய்யும் கருவிகள் அந்த அளவுக்கு மலிவாகிவிடுவதில்லை. அவற்றைப் பொருத்தினால் குட்டி வண்டி பெரிய வண்டியின் விலைக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதை யார் வாங்குவார்கள்? உள்ளூருக்குப் பெட்ரோலும் கேஸும் போதும் என்று மேலிடம் முடிவு செய்தது. விதி தளர்வாக இருந்த நாடுகளுக்கு மட்டும் பழைய டீசல் கப்பலேறியது. நான் பார்த்த கடைசி வேலை அந்த மாற்றிய இன்ஜின்தான்; அதுவும் மூலைக்குப் போனது.

அந்த நாட்களில்தான் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கேட்டார். "சார், ஷோரூம்ல டீசல் இல்லன்றான். கேஸ் எடுன்றான். நீங்க பண்ற வண்டி எப்ப சார் வரும்?"

அதை என் வண்டி என்று சொல்ல உலகத்தில் அவர் ஒருவராவது இருந்தார். வராது என்று சொல்ல வாய் எழவில்லை.

"வரும் தம்பி. கொஞ்சம் பொறுங்க."

அவர் மனைவியிடம் திரும்பினார். "கேட்டுக்கினியா? சாரே சொல்லிட்டாரு. நீ இன்னாமோ கேஸ் வண்டி, கேஸ் வண்டின்னு உயிர எடுத்துகினு கீற."

"சாருக்கு இன்னா, அவரா ஓட்டப்போறாரு?" என்றார் அந்தம்மா.

ஆயுத பூஜை வரும்போதெல்லாம் அவர் கேட்டார். ஓய்வு பெற்ற பிறகும் அதே பதிலைத்தான் சொன்னேன்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் கிளம்பிய நாளொன்றில், கூடுவாஞ்சேரி மண்டபத்தில் பகல் விருந்து. பெருங்களத்தூர் நெரிசலில் அவர் வண்டி சூடேறி நின்றுவிட்டது. வேறு வண்டி பிடித்துத் தேக்சாக்களை மாற்றும்போது மாவு உடைந்தது. போய்ச் சேர்ந்தபோது பிரியாணி ஆறியிருந்தது, பாதிப்பேர் பந்தியிலிருந்து எழுந்து போயிருந்தார்கள். இனி வரவேண்டாம் என்று பாய் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். "பரவால்ல சார்," என்றார் என்னைப் பார்த்து. "உங்க வண்டி வர்ற வரைக்கும் எவன்கிட்டயாவது தண்ணி கேன் லோடு அடிக்கிறேன்."

இன்னும் காத்திருக்கத் தயாராக இருந்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"வராது தம்பி. நீங்க மொதல்ல கேட்டப்பவே அது நின்னு போச்சு. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சிகினேவா சொன்ன?" என்றார். அதுவரை அவர் என்னை ஒருமையில் பேசியதில்லை. பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பாயிடம் போய், தவறு என்னுடையது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இன்ஜின் கதைய நான் பந்தியில பரிமாற முடியுமா சார்? நானும் அன்னிக்கு விருந்து வெச்சவங்ககிட்ட பொய்தான் சொன்னேன், வண்டி வாசல்ல நிக்குதுன்னு." பிறகு, "கல்யாணத்துக்கு வேற ஆள் போட்டாச்சு. அவரு புது வண்டி எடுத்தா வரச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை சின்ன ஆர்டர் தர்றேன்," என்றார்.

வண்டிக்காரர் என்னோடு பேசாததால் அதை மதிலோரம் அவர் மனைவியிடம்தான் சொன்னேன். கேஸ் வண்டி வந்தது. முதல் ஞாயிறு நானும் வரட்டுமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார். "ஏறுங்க சார், தேக்சாவ புடிச்சிக்கவாவது ஆள் வேணும்," என்றார் அந்தம்மா.

பின்னால் உட்கார்ந்து, கோணி சுற்றிய தேக்சாவைக் கட்டிக்கொண்டு போனேன். பாலத்தில் வண்டி திணறியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் ஊர்ந்தபடியே ஏற்றினார். இறக்கும்போது மாவில் ஓரிடத்தில் மயிரிழை விரிசல். கட்டைவிரலால் அதை அழுத்தி மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்டர் தொடர்கிறது. கல்யாணங்கள் திரும்பி வரவில்லை. வண்டியில் ஏதாவது சத்தம் கேட்டால் என் வாசலைத் தாண்டி ஓட்டிப்போய் மெக்கானிக்கிடம்தான் காட்டுகிறார். திரும்பி வரும்போது மட்டும் ஒரு நிமிடம் நிறுத்தி, "சாப்ட்டீங்களா சார்?" என்கிறார்.