கெலிஓயாவில் இறங்கிய தாய்மாமன்

நான் அக்கா முறை வைத்து ராத்தா என்றழைக்கும் பரீதா ராத்தா மௌத்தாகிவிட்டார் என்று அவருடைய மகள் அழைத்தபோது, குண்டசாலையில் நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். பின்னேரம் அஸர் தொழுகையோடு அடக்கம் என்றாள். அவருடைய ஊரான கெலிஓயாவுக்கு எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், கண்டி டவுன் நெரிசலுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்றுதான் மனம் முதலில் ஓடியது. அழுகை அதற்குப் பிறகு வந்தது. அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கண்டியில் விமான டிக்கெட் போடும் சின்ன அலுவலகம் ஒன்றில் எங்கள் கதிரைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. யார் வந்தாலும் ராத்தா முதலில் அவர்களுடைய ஊரைத்தான் விசாரிப்பார். "வானத்துல ஒரு மணித்தியாலம்தான் புள்ள. தரையத்தான் பார்க்கணும்" என்பார். இதென்ன பஸ் கம்பெனியா என்று நான் கேலி செய்வேன்.

அவர் லீவில் இருந்த ஒரு நாள், நாவலப்பிட்டிக் கடைக்காரர் ஒருவர் வந்தார். திருச்சியில் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் பெண் மணவறைக்கு வரமாட்டாள். நான் வரைபடத்தைப் பார்த்தேன். திருச்சிக்கு மிகக் கிட்ட இருப்பது யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம். எவ்வளவு நேரமாகும் என்று அவர் கேட்க, ஒரு மணித்தியாலம் என்று பெருமையாகச் சொல்லி டிக்கெட்டைக் கொடுத்தேன். அவர் கேட்டது நாவலப்பிட்டியிலிருந்து. நான் சொன்னது பலாலியிலிருந்து.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை பஸ்ஸிலிருந்து அழைத்தார். வடக்குப் பக்கம் போயே அறியாத மனிதர், கண்டியில் பலாலி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். விமானம் பகல் ஒரு மணிக்கு. ரோட்டில் எட்டு மணித்தியாலப் பயணம் மிச்சம். பக்கத்துக் கதிரையில் இருந்த ராத்தாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

ராத்தா போனை வாங்கினார்.

"இப்ப எங்க ஈக்கிறீங்க?"

"கம்பளை தாண்டிட்டேம்மா."

"கண்டிக்கு வராதீங்க. கெலிஓயாவுலயே எறங்குங்க."

கெலிஓயாவில் ராத்தாவின் தம்பி வான் வண்டியோடு நின்றார். டவுனுக்குள் நுழையாமல் பேராதனை வழியாக நேரே கட்டுநாயக்கா விமான நிலையம். அவர்கள் கேகாலை தாண்டுவதற்குள், கொழும்பு–திருச்சி பின்னேர விமானத்தில் ராத்தா ஓர் இடம் பிடித்துவிட்டார். பறக்கும் நேரம் அதற்கும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை போன் வந்தது. பின்னால் நாதஸ்வரமும் மேளமும் காதைப் பிளந்தன. "போட்டாச்சும்மா மாலைய" என்று அவர் கத்தியது அலுவலகம் முழுக்கக் கேட்டது. ராத்தா எழுந்து நின்று கைதட்டினார். முகாமையாளர்கூடத் தட்டினார். நாங்களே பெண்ணைக் கட்டிக்கொடுத்ததுபோல் அன்றைக்கு ராத்தா எல்லோருக்கும் இனிப்பாக வட்டிலப்பம் வாங்கிக் கொடுத்தார்.

ஜனாஸா எடுப்பதற்கு வெகு முன்னமே நான் கெலிஓயா போய்ச் சேர்ந்துவிட்டேன். வாசலில் எனக்கும் முந்தி ஒருவர் வந்து நின்றிருந்தார். அந்தத் தாய்மாமன்.

"அவங்க சொன்ன அதே எடத்துலதாம்மா எறங்குனேன்" என்றார்.

டிக்கெட் கேட்டு வருகிறவர்களிடம் இன்று நான் பறக்கும் நேரத்தை முதலில் சொல்வதில்லை. எங்கேயிருந்து கிளம்புகிறீர்கள் என்றுதான் தொடங்குகிறேன். அந்தக் கேள்வி ராத்தாவுடையது. அதைக் கேட்கத் தொடங்கிய பிறகு, நான் அனுப்பிய எந்தத் தாய்மாமனும் பிந்திப்போகவில்லை.